குயின்ஸில் வீடு வாங்குவது: கோ-ஆப்பா, காண்டோவா, இரு குடும்ப வீடா?

நியூயார்க்கின் குயின்ஸ் பரோவில் வீடு தேட இணையத்தைத் திறந்தவர்களுக்கு முதல் நாளே ஒரு குழப்பம் வரும். ஃபாரஸ்ட் ஹில்ஸில் இரண்டு படுக்கையறை வீடு 4 லட்சம் டாலர் என்று ஒன்று இருக்கும். இரண்டு தெரு தள்ளி, கிட்டத்தட்ட அதே சதுர அடிக்கு 6.5 லட்சம் என்று இன்னொன்று இருக்கும். முதலாவதில் ஏதோ வில்லங்கம் என்று சிலர் ஒதுக்குவார்கள், அடித்தது யோகம் என்று சிலர் பாய்வார்கள். இரண்டும் தப்பு. முதலாவது கோ-ஆப் (கட்டடத்தின் பங்கை வாங்குவது), இரண்டாவது காண்டோ (தனிப் பத்திரமுள்ள ஃபிளாட்). பார்க்க ஒன்றுபோல இருந்தாலும் வாங்கும் சரக்கே வேறு.

2020 கணக்கெடுப்பின்படி குயின்ஸில் 24 லட்சம் பேர் இருக்கிறார்கள். ஏறக்குறைய பாதிப்பேர் வேறு நாட்டில் பிறந்தவர்கள். ஜாக்சன் ஹைட்ஸில் வங்காளியும் ஸ்பானிஷும் கேட்கும், ஃப்ளஷிங்கில் சீனமும் கொரியனும். ரிச்மண்ட் ஹில்லில் கயானாக்காரர்கள், கிழக்கே ஃப்ளோரல் பார்க் பக்கம் மலையாளிகளும் பஞ்சாபிகளும். ஃப்ளஷிங் பௌன் தெருவில் 1977 முதல் இருக்கும் பிள்ளையார் கோயிலை மையமாக வைத்து வீடு தேடும் தமிழ்க் குடும்பங்களும் உண்டு. சமையல் வாசனை, பண்டிகை நாள் சத்தம், ஊரிலிருந்து வந்து ஆறு மாதம் தங்கும் பெற்றோர் எல்லாம் இங்கே யாருக்கும் புதிதல்ல. ஆனால் வீட்டின் சட்ட வகையைச் சரியாகத் தேர்ந்தெடுக்காவிட்டால், அந்த அக்கம்பக்கத்தின் சௌகரியம் எதுவும் கைகொடுக்காது.

விலையை மட்டும் ஒப்பிட்டுப் பயனில்லை. மாதம் மொத்தம் எவ்வளவு போகும், வீட்டைப் பற்றி முடிவெடுப்பது யார், வேண்டாமென்றால் எவ்வளவு சுலபமாக வெளியே வரலாம் என்ற மூன்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

கையில் என்ன கிடைக்கும்

கோ-ஆப்பில் உங்கள் பெயருக்குக் கிரயப் பத்திரம் கிடையாது. கட்டடம் முழுவதும் ஒரு கார்ப்பரேஷனுக்குச் சொந்தம். நீங்கள் வாங்குவது அதன் பங்குகள். அந்தப் பங்குகளைப் பிடித்துக்கொண்டு வருவது, குறிப்பிட்ட வீட்டில் குடியிருக்கும் உரிமையைத் தரும் ப்ரொப்ரைட்டரி லீஸ். நீங்கள் பங்குதாரர், அதே சமயம் உங்கள் சொந்த கார்ப்பரேஷனுக்குக் குடித்தனக்காரர். இந்த இரட்டை நிலையிலிருந்துதான் கோ-ஆப்பின் நல்லது கெட்டது அத்தனையும் கிளம்புகிறது.

காண்டோ நமக்குப் பழகிய ஃபிளாட் மாதிரி. உங்கள் வீட்டுக்குத் தனிப் பத்திரம், தனி வரி பில், பொது இடங்களில் பங்கு. இரு குடும்ப வீடு என்பது நிலத்தோடு சேர்ந்தது. ஒரு தளத்தில் நீங்கள் இருந்து மற்றதை வாடகைக்கு விடலாம். குயின்ஸில் தெருத் தெருவாக இந்த வகைதான். ஒட்டிக்கட்டியவை, ஒருபக்கம் மட்டும் ஒட்டியவை, தனித்து நிற்பவை என்று மூன்று தினுசு. தனித்து நிற்பதற்கு விலை கூடுதல்.

மாதக் கணக்கு

கணக்குக்காக மூன்று விலைகளை வைத்துக்கொள்வோம். மூன்றுக்கும் 20 சதவீத முன்பணம், 30 ஆண்டுக் கடன், 6.5 சதவீத வட்டி.

கோ-ஆப் 4 லட்சம். கடன் 3.2 லட்சம், தவணை 2,023 டாலர். மெயின்டனன்ஸ் 1,100. மொத்தம் 3,123. இந்த மெயின்டனன்ஸுக்குள்ளேயே கட்டடத்தின் சொத்து வரி, குளிர்கால ஹீட்டிங், தண்ணீர், பணியாளர் சம்பளம், கட்டடத்தின் பெயரில் இருக்கும் கடனின் தவணை எல்லாம் அடங்கும்.

காண்டோ 6.5 லட்சம். கடன் 5.2 லட்சம், தவணை 3,287. பொது இடப் பராமரிப்புக்கான காமன் சார்ஜ் 550, சொத்து வரி 600 என்றால் 4,437.

இரு குடும்ப வீடு 10.5 லட்சம். கடன் 8.4 லட்சம், தவணை 5,309. வரி 800, இன்சூரன்ஸ் 250, தண்ணீரும் கழிவுநீரும் 150. மொத்தம் 6,509. மேல்தளம் 2,600 வாடகைக்குப் போனால் கையிலிருந்து போவது 3,909. ஆனால் வங்கி அந்த வாடகையை முழுதாக எடுத்துக்கொள்ளாது. வழக்கமாக 75 சதவீதம், அதாவது 1,950 மட்டும்தான் வருமானமாகச் சேரும். ஆள் மாறும் மாதங்களில் வீடு காலியாகக் கிடக்கும், பெயின்ட் அடிக்க வேண்டும், பாய்லர் மக்கர் செய்யும். அந்த 25 சதவீதத்தை வங்கி கழிப்பதில் நியாயம் இருக்கிறது. நீங்களும் அப்படியே கழித்துப் பாருங்கள்: 4,559. இப்போது காண்டோவுக்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை.

வாங்கும் நாளில் போகும் பணம் தனிக்கதை. காண்டோவுக்கும் தனி வீட்டுக்கும் கடன் பத்திரத்தைப் பதிவு செய்ய மார்ட்கேஜ் ரெகார்டிங் டாக்ஸ் உண்டு. கடன் 5 லட்சத்துக்குக் கீழே என்றால் வாங்குபவர் பங்கு 1.8 சதவீதம், 5 லட்சமும் அதற்கு மேலும் 1.925 சதவீதம். மேலே சொன்ன காண்டோவுக்கு இது 10,010 டாலர், வீட்டுக்கு 16,170. கோ-ஆப்பில் நீங்கள் வாங்குவது நிலமல்ல, பங்கு. அதனால் இந்த வரியும் இல்லை, பத்திர உரிமையில் சிக்கல் வந்தால் காக்கும் டைட்டில் இன்சூரன்ஸும் தேவையில்லை. பங்கின் மீது பழைய கடன் பாக்கி இருக்கிறதா என்ற தேடல் மட்டும் போதும்.

இந்த வரியைக் குறைக்க ஒரு வழி உண்டு, பலர் கேட்பதே இல்லை. விற்பவருக்கு வங்கியில் 3 லட்சம் கடன் பாக்கி இருந்தால், அதை அடைத்துவிட்டுப் புதுக்கடன் எழுதுவதற்குப் பதில், பழைய கடனை உங்கள் வங்கிக்கு மாற்றி எழுதிக்கொள்ளலாம். வரி மீதித் தொகைக்கு மட்டும்தான். இதற்கு சீமா என்று பெயர். இரண்டு வங்கிகளும் சம்மதிக்க வேண்டும், சில வாரம் கூடுதலாகும், கட்டணமும் கேட்பார்கள். விற்பவருக்கும் விற்கும்போது கட்டும் டிரான்ஸ்ஃபர் டாக்ஸில் கொஞ்சம் மிச்சமாகும் என்பதால் பேசிப் பார்க்க இடமுண்டு. கான்ட்ராக்ட் எழுதும்போதே இது இடம்பெற வேண்டும். பிறகு கேட்டால் யாரும் அசைய மாட்டார்கள்.

மேன்ஷன் டாக்ஸ் என்ற பெயரைக் கேட்டு மாளிகைக்குத்தான் என்று நினைக்க வேண்டாம். எந்த வகை வீடானாலும் விலை 10 லட்சம் டாலரைத் தொட்டால் முழு விலைக்கும் 1 சதவீதம். 20 லட்சத்திலிருந்து விகிதம் ஏறும். ஒரு டாலர் குறைந்தால் வரியே இல்லை. 9.99 லட்சம் என்று அத்தனை விளம்பரங்கள் இருப்பது இதனால்தான். நம் 10.5 லட்சம் வீட்டுக்கு 10,500 டாலர்.

கோ-ஆப்: போர்டின் ராஜ்ஜியம்

நுழைவுச் செலவு குறைவு, மாதச் செலவும் குறைவு. அப்புறம் ஏன் எல்லோரும் வாங்குவதில்லை? போர்டு.

கான்ட்ராக்டில் கையெழுத்தாகி, வங்கிக் கடனும் கிடைத்த பிறகு, பங்குதாரர்கள் தேர்ந்தெடுத்த போர்டு உங்களை ஏற்க வேண்டும். இரண்டு மூன்று வருட வருமான வரிக் கணக்கு, எல்லா வங்கிக் கணக்கின் ஸ்டேட்மென்டும், வேலை உறுதிக் கடிதம், பரிந்துரைக் கடிதங்கள், கிரெடிட் ரிப்போர்ட் என்று ஒரு கட்டு. அது சரியாக இருந்தால் நேர்காணல். எல்லாம் நன்றாகப் போனாலும் ஒன்றிரண்டு மாதம் ஆகும். மறுத்தால் பெரும்பாலும் காரணம் சொல்வதில்லை. இனம், மதம், பிறந்த நாடு, குழந்தைகள் இருப்பது, குடியுரிமை நிலை போன்றவற்றுக்காக மறுப்பது நகரச் சட்டத்துக்கு விரோதம். ஆனால் காரணமே சொல்லாதபோது அதை நிரூபிப்பது எளிதல்ல.

மறுப்புகளில் கணிசமானவை பணக்கணக்கால் வருபவை. அவற்றை முன்கூட்டியே தவிர்க்கலாம். தவணை, மெயின்டனன்ஸ், கார் கடன், கார்டு பாக்கி எல்லாம் சேர்ந்து மாத வருமானத்தில் 30 சதவீதத்துக்குள் இருக்கிறதா என்று பல போர்டுகள் பார்க்கும். வங்கி 43 வரை விட்டிருக்கும், போர்டு விடாது. முன்பணமெல்லாம் கட்டி முடித்த பிறகும் ஒரு வருடம், சில இடங்களில் இரண்டு வருடத் தவணைக்கும் மெயின்டனன்ஸுக்கும் போதுமான ரொக்கம் கையில் இருக்க வேண்டும் என்பார்கள். மேலே சொன்ன 3,123 டாலர் கணக்கில் இரண்டு வருடம் என்றால் ஏறக்குறைய 75,000. ஓய்வூதியக் கணக்கில் இருப்பதை அரைகுறையாகத்தான் எண்ணுவார்கள். ஆகவே வீடு பிடித்துப்போவதற்கு முன்னால், குறைந்தபட்ச முன்பணம், வருமான விகிதம், கைரொக்கம், வாடகைக்கு விடும் விதி ஆகிய நான்கையும் புரோக்கரிடம் எழுத்தில் வாங்கிவிடுங்கள்.

நான்காவதில்தான் எச்-1பி விசாக்காரர்கள் மாட்டிக்கொள்கிறார்கள். குயின்ஸ் கோ-ஆப்களில் அடிக்கடி காணும் விதி: முதல் இரண்டு வருடம் நீங்களே குடியிருக்க வேண்டும், அதற்குப் பிறகு ஐந்து வருடத்தில் இரண்டு வருடம் மட்டும் வாடகைக்கு விடலாம், அதற்கும் போர்டின் அனுமதி வேண்டும். சில கட்டடங்களில் வாடகை என்ற பேச்சே கிடையாது. வேலை டெக்ஸாஸுக்கு மாறினால், வீட்டைப் பூட்டிவைத்து மெயின்டனன்ஸ் கட்டலாம், அல்லது சந்தை எப்படியிருந்தாலும் விற்கலாம். விற்கும்போதும் வாங்குபவரை அதே போர்டு சல்லடை போடும். ஃபிளிப் டாக்ஸ் என்று விலையில் ஒரு சதவீதத்தையோ, பங்குக்கு இத்தனை டாலர் என்றோ கட்டடமும் எடுத்துக்கொள்ளும். பெயரில் டாக்ஸ் இருந்தாலும் இது அரசு வரியல்ல.

சின்ன விதிகளும் உண்டு. பழைய கட்டடங்கள் பலவற்றில் வீட்டுக்குள் வாஷிங் மெஷின் கூடாது. அடித்தளத்துப் பொது லாண்டரிதான். சமையலறையையோ குளியலறையையோ கீழ்வீட்டுக்காரரின் படுக்கையறைக்கு மேலே விரிவாக்க முடியாது. தரையில் 80 சதவீதம் கம்பளம் போட வேண்டும் என்பது பரவலான விதி. தாளிக்கும் புகை வெளியே போக எக்ஸாஸ்ட் குழாய் வைப்பதற்குச் சுவரில் ஓட்டை போட அனுமதி கேட்டால் பதில் பெரும்பாலும் இல்லை என்பதுதான். சமையலறையில் ஜன்னல் இருக்கிறதா என்று பார்க்கும்போதே கவனியுங்கள்.

கட்டடத்தின் கணக்குப் புத்தகமே கோ-ஆப்பின் அஸ்திவாரம். 120 வீடுகள் உள்ள கட்டடத்தின் பெயரில் 60 லட்சம் டாலர் கடன் இருந்தால், சராசரியாக வீட்டுக்கு 50,000 டாலர் கடனையும் சேர்த்து வாங்குகிறீர்கள். அந்தக் கடன் எந்த வருடம் முதிர்கிறது, இப்போது என்ன வட்டி என்று பாருங்கள். 3 சதவீதத்தில் எடுத்தது 6 சதவீதத்தில் புதுப்பிக்கப்பட்டால், வருடத்துக்கு வீட்டுக்கு 1,500 டாலர் மெயின்டனன்ஸ் ஏறும். கட்டடம் நிற்கும் நிலம் யாருடையது என்றும் கேளுங்கள். நிலமே குத்தகை என்றால், குத்தகை புதுப்பிக்கும் வருடத்தில் மெயின்டனன்ஸ் இரட்டிப்பானாலும் ஆச்சரியமில்லை. விலை கண்ணைப் பறிக்கும் அளவுக்குக் குறைவாக இருந்தால் முதலில் சந்தேகப்பட வேண்டியது இதைத்தான்.

இரண்டு வருட நிதி அறிக்கையையும் போர்டு கூட்டக் குறிப்புகளையும் உங்கள் வழக்கறிஞர் படிக்க வேண்டும். லிஃப்ட், பாய்லர், கூரை என்று எது அடிக்கடி பேச்சில் வருகிறதோ அதற்கு அடுத்த வருடம் சிறப்பு வசூல் வரும். ஆறு மாடிக்கு மேற்பட்ட கட்டடங்கள் ஐந்து வருடத்துக்கு ஒருமுறை வெளிச்சுவரைப் பரிசோதித்துப் பழுது பார்க்க வேண்டும். 25,000 சதுர அடிக்கு மேற்பட்ட கட்டடங்களுக்கு லோக்கல் லா 97 என்ற நகரச் சட்டம் இருக்கிறது: கார்பன் வெளியேற்றம் வரம்பைத் தாண்டினால் டன்னுக்கு 268 டாலர் அபராதம், 2024இல் தொடங்கியது, 2030இல் வரம்பு இன்னும் இறுகும். எண்ணெயில் ஓடும் பழைய பாய்லர் வைத்திருக்கும் செங்கல் கட்டடம் இதற்கு என்ன திட்டம் வைத்திருக்கிறது என்ற ஒரு கேள்வியிலேயே போர்டின் தரம் தெரிந்துவிடும்.

காண்டோ: சலுகை முடியும் வருடம்

காண்டோவில் போர்டு உங்களை நிராகரிக்க முடியாது. வேண்டாமென்றால் அதே விலைக்கு அவர்களே வாங்கிக்கொள்ள வேண்டும். அது அபூர்வம். வாடகைக்கு விடவும் தடை குறைவு. வேலை இடம் மாறக்கூடியவர்களுக்கு இந்தச் சுதந்திரத்தின் மதிப்பே விலை வித்தியாசத்தை ஓரளவு நியாயப்படுத்திவிடும்.

பொறி இருப்பது வரியில். லாங் ஐலண்ட் சிட்டி, ஃப்ளஷிங் போன்ற இடங்களில் எழுந்த புதுக் கட்டடங்கள் பலவற்றுக்கு 421-ஏ வரிச் சலுகை உண்டு. விளம்பரத்தில் மாத வரி 60 டாலர் என்று போட்டிருப்பார்கள். அந்தச் சலுகையின் 15 வருட வகையில் முதல் 11 வருடம் முழுச் சலுகை, பிறகு நான்கு வருடத்தில் வருடம் 20 சதவீதமாகக் கரையும். ஒன்பதாம் வருடத்தில் வாங்கியவருக்கு இரண்டு வருடம்தான் நிம்மதி. அதற்குப் பிறகு வரி படி ஏறி மாதம் 900, 1,000 டாலரில் நிற்கலாம். நகர நிதித்துறையின் இணையத்தளத்தில் சொத்தின் பிளாக், லாட் எண் போட்டால் சலுகை எந்த வருடம் முடிகிறது, சலுகை இல்லாவிட்டால் வரி எவ்வளவு என்று இரண்டும் தெரியும். கணக்கை இரண்டாவது எண்ணை வைத்துத்தான் போட வேண்டும். இன்னும் மூன்று வருடத்தில் சலுகை முடியும் காண்டோவை விலை குறைக்காமல் வாங்குவதைவிட மோசமான பேரம் குயின்ஸில் குறைவு.

சலுகை இல்லாத காண்டோவிலும் கோ-ஆப்பிலும் நீங்களே குடியிருந்தால் வேறொரு தள்ளுபடி உண்டு. கட்டடத்தின் சராசரி மதிப்பீட்டைப் பொறுத்து 17.5 முதல் 28.1 சதவீதம் வரை வரி குறையும். வாடகைக்கு விட்டால் போய்விடும். கோ-ஆப்பில் இந்தத் தள்ளுபடிப் பணத்தைப் பங்குதாரருக்குத் தராமல், அதே தொகைக்கு வசூல் அறிவித்து போர்டு வைத்துக்கொள்வதும் வழக்கம்தான்.

கட்டுபவரிடமிருந்தே நேராக வாங்கினால், விற்பவர் கட்ட வேண்டிய டிரான்ஸ்ஃபர் டாக்ஸையும் உங்கள் தலையில் கட்டுவார்கள். நகரத்துக்கு 5 லட்சத்துக்கு மேல் 1.425 சதவீதம், மாநிலத்துக்கு 0.4. விற்பனை மந்தமான கட்டடத்தில் இதைப் பேசித் தள்ளிவிடலாம்.

இரு குடும்ப வீடு: முதலில் கீழே இறங்குங்கள்

வீடு பார்க்கப் போனால் வரவேற்பறையை அப்புறம் பார்க்கலாம். நேராகப் படியிறங்கி நிலவறைக்குப் போங்கள். குயின்ஸ் வீட்டின் உண்மை அங்கேதான்.

சுவரின் அடியில் வெள்ளைப் பூப்போல உப்புப் படிந்திருந்தால் ஈரம் உள்ளே வருகிறது. புதிதாக அடித்த பெயின்ட், தரையிலிருந்து இரண்டடி உயரத்துக்கு மட்டும் என்றால், மறைக்க ஏதோ இருக்கிறது. பாய்லரின் காலிலும் வாட்டர் ஹீட்டரின் அடியிலும் துருக் கோடு ஒரே உயரத்தில் ஓடுகிறதா பாருங்கள். தண்ணீர் நின்ற உயரம் அது. தெற்கு, தென்கிழக்குக் குயின்ஸில் இது மழையால் மட்டும் வருவதில்லை. ஜமைக்கா வாட்டர் சப்ளை நிறுவனத்தை 1996இல் நகரம் எடுத்துக்கொண்டு, கிணறுகளில் இறைப்பதைப் படிப்படியாக நிறுத்தியதும் நிலத்தடி நீர்மட்டம் ஏறியது. ஹாலிஸ், செயின்ட் ஆல்பன்ஸ் பக்கம் வெயில் நாளிலும் நிலவறை ஊறும் வீடுகள் உண்டு. ஹவர்ட் பீச், ராக்கவே பக்கம் கடல் வேறு. 2012 சாண்டிப் புயல் அங்கே என்ன செய்தது என்று அக்கம்பக்கத்தில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். சாதாரண வீட்டு இன்சூரன்ஸில் வெள்ளச் சேதம் கிடையாது, தனியாக எடுக்க வேண்டும். 2024 மார்ச் 20 முதல், ஒன்று முதல் நான்கு குடும்ப வீடுவரை விற்பவர் வெள்ள வரலாறு உள்பட வீட்டின் நிலையை எழுதித் தர வேண்டும். முன்பு 500 டாலர் கொடுத்து இதிலிருந்து நழுவலாம். அந்த வழி அடைபட்டுவிட்டது. காண்டோவுக்கும் கோ-ஆப்புக்கும் இந்தச் சட்டம் பொருந்தாது.

அடுத்தது, அந்த நிலவறையில் அடுப்பு இருக்கிறதா? "கீழே ஒரு யூனிட், 1,500 வாடகை வருகிறது" என்று புரோக்கர் கிசுகிசுப்பார். தெருவிளிம்பு மட்டத்துக்குக் கீழே பாதி உயரத்துக்கு மேல் புதைந்திருந்தால் அது செல்லர். ஒன்றிரண்டு குடும்ப வீட்டில் அதை வாடகைக்கு விடவே கூடாது. பாதியாவது மேலே இருந்தால் பேஸ்மென்ட். உயரம், ஜன்னல், வெளியேறும் வழி எல்லாம் சரியாக இருந்து, வீட்டின் குடியிருப்புச் சான்றிதழிலும் ஏறியிருந்தால்தான் விடலாம். இது வெறும் காகிதச் சமாச்சாரமல்ல. 2021 செப்டம்பர் 1 இரவு ஐடா புயல் மழையில் நகரத்தில் 13 பேர் இறந்தார்கள். அவர்களில் 11 பேர் நிலவறை வீடுகளில் இருந்தவர்கள், பெரும்பாலோர் குயின்ஸில். நிலவறை வீடுகளைச் சட்டப்படி ஆக்க 2024க்குப் பிறகு சில வழிகள் திறந்திருக்கின்றன என்றாலும், வெள்ள அபாயப் பகுதிகளுக்கு அவை பொருந்தாது. வாங்கும் கணக்கில் அந்த 1,500ஐச் சேர்க்காதீர்கள். வங்கியும் சேர்க்காது. மதிப்பீட்டாளர் அடுப்பைப் பார்த்தால் அதை எடுத்து, கேஸ் குழாயை மூடிய பிறகுதான் கடன் தருவோம் என்று வங்கி சொல்லலாம்.

அந்தச் சான்றிதழை, அதாவது எத்தனை குடும்பம் குடியிருக்கலாம் என்று சொல்லும் சர்டிஃபிகேட் ஆஃப் ஆக்யுபன்சியை, நகரக் கட்டடத்துறையின் தளத்தில் நீங்களே பாருங்கள். இரு குடும்பம் என்று அதில் இருக்க வேண்டும். 1938க்கு முன் கட்டியவற்றுக்குச் சான்றிதழ் இல்லாமலிருக்கலாம்; அதற்குப் பதில் துறையிடமிருந்து ஆட்சேபமில்லைக் கடிதம் வாங்கலாம். வெளியே போய் மீட்டர்களை எண்ணுங்கள். இரு குடும்ப வீட்டில் மூன்று கேஸ் மீட்டர் இருந்தால் மூன்றாவது யாருக்கு? மூடப்படாத கட்டட வேலை பெர்மிட்டும் கட்டாத அபராதமும் வீட்டோடு உங்களுக்கு வரும். பழைய பத்திரங்களை நகரத்தின் ஆக்ரிஸ் பதிவுத் தளத்தில் இலவசமாகப் படிக்கலாம்.

இன்ஸ்பெக்டர் வரும்போது கழிவுநீர்க் குழாய்க்குள் கேமரா விடச் சொல்லுங்கள். சில நூறு டாலர் கூடுதல். வீட்டிலிருந்து தெருவின் நடுவே இருக்கும் பிரதானக் குழாய் வரை பழுது உங்கள் செலவு. களிமண் குழாயை மரவேர் பிளந்திருந்தால் தெருவைத் தோண்ட வேண்டும், ஐந்து இலக்கத்தில் போகும். நடைபாதையைச் சரிசெய்வதும் பனி அள்ளுவதும் உங்கள் வேலை. பக்கத்து வீட்டோடு பொது டிரைவ்வே என்றால் அதன் அகலத்தை டேப் வைத்து அளந்து பாருங்கள். 1930களின் காருக்காகப் போட்ட பாதையில் இன்றைய எஸ்யூவி நுழைந்து கதவைத் திறக்க முடியாது; பின்னாலிருக்கும் கராஜ் வெறும் சாமான் அறைதான்.

இத்தனைக்கும் நடுவில் இரு குடும்ப வீட்டுக்கு ஒரு பெரிய நன்மை இருக்கிறது: வரி. ஒன்று முதல் மூன்று குடும்ப வீடுகளின் மதிப்பீடு சந்தை மதிப்பில் 6 சதவீதம் மட்டும். அந்த மதிப்பீடும் வருடத்துக்கு 6, ஐந்து வருடத்துக்கு 20 சதவீதத்துக்கு மேல் ஏற முடியாது. நீங்கள் எத்தனை விலைக்கு வாங்கினாலும் வரி புதிதாக எகிறாது. கூடுதல் அறை கட்டினால் மட்டும் அந்தப் பகுதிக்கு வரம்பு பொருந்தாது.

குடித்தனக்காரர் ஏற்கெனவே இருந்தால், காலி செய்து ஒப்படைக்க வேண்டும் என்று கான்ட்ராக்டில் எழுதுங்கள். "க்ளோசிங் (கிரயம்) முடிந்ததும் போய்விடுவார்கள்" என்ற வாய்வார்த்தையை நம்பி வாங்கி, வீட்டு வழக்கு மன்றத்தில் ஒரு வருடம் அலைவது குயின்ஸில் சர்வசாதாரணம். நீங்கள் புதிதாக வைக்கும் ஆளிடம் அட்வான்ஸ் ஒரு மாத வாடகைக்கு மேல் வாங்கக் கூடாது, 2019 முதல் மாநிலச் சட்டம். நம் ஊர்ப் பழக்கத்தில் "தமிழ்க் குடும்பத்துக்கு மட்டும்" என்று விளம்பரம் போடுவதும் சட்டவிரோதம்.

பணம் எங்கிருந்து வருகிறது

அமெரிக்கக் குடியுரிமையோ பச்சை அட்டையோ இல்லாதவர்களுக்கு, மத்திய அரசு உத்தரவாதம் தரும் எஃப்ஹெச்ஏ கடன் 2025 மே 25 முதல் கிடையாது. எச்-1பியில் இருப்பவர்கள் அந்த உத்தரவாதம் இல்லாத சாதாரண கன்வென்ஷனல் கடனுக்குப் போகலாம். தாமே குடியிருக்கும் இரு குடும்ப வீட்டுக்கு அதில் 5 சதவீத முன்பணமே போதும் என்று 2023 இறுதியில் விதி மாறியது. குறைந்த வருமானக்காரர்களுக்கு, முதல் வீடு என்றால், நகரத்தின் ஹோம்ஃபர்ஸ்ட் திட்டத்தில் 1 லட்சம் டாலர் வரை முன்பண உதவி உண்டு. வருமான வரம்பும், குறிப்பிட்ட வருடங்கள் அங்கேயே குடியிருக்கும் நிபந்தனையும் இருக்கின்றன.

ஊரிலிருந்து பெற்றோர் அனுப்பும் பணத்துக்கு, இந்திய விதிப்படி ஒருவர் ஒரு நிதியாண்டில் 2.5 லட்சம் டாலர் வரை அனுப்பலாம். வங்கிக்கு அது நன்கொடை என்ற கடிதமும், அவர்கள் கணக்கிலிருந்து உங்கள் கணக்குக்கு வந்த தடமும் வேண்டும். பணம் இரண்டு மாத ஸ்டேட்மென்டுக்கு முன்பே வந்து உட்கார்ந்துவிட்டால் கேள்வி குறையும். சீட்டு எடுத்த பணம், நண்பரிடம் வாங்கிய கைமாற்று என்றால் காகிதம் இல்லை. அந்தப் பணம் வங்கியின் கணக்கிலேயே வராது.

இடம் பார்ப்பது

"இங்கே நம்மவர்கள் இருக்கிறார்களா?" என்று புரோக்கரைக் கேட்காதீர்கள். பதில் சொன்னால் அவர் சட்டத்தை மீறுகிறார். மளிகைக்கடையையும், மாலை ஐந்து மணிக்கு பஸ் நிறுத்தத்தையும் நீங்களே போய்ப் பார்ப்பதுதான் வழி. எஃப் சப்வே ரயில் ஜமைக்கா 179ஆம் தெருவோடு முடிகிறது. அதற்குக் கிழக்கே ஃப்ளோரல் பார்க், பெல்லரோஸ், க்ளென் ஓக்ஸ் பக்கம் சப்வே கிடையாது, பெரும்பாலும் பஸ்ஸும் காரும்தான். நல்ல பள்ளிகளுக்குப் பெயர்பெற்ற 26ஆம் பள்ளி மாவட்டத்துக்காக அங்கே போகிறவர்கள், மன்ஹாட்டன் போகவர மூன்று மணி நேரத்தை விலையோடு கூட்டிக்கொள்ள வேண்டும். பள்ளி எல்லை தெருவின் எதிர்ப்பக்கத்திலேயே மாறலாம், முகவரி போட்டுச் சரிபாருங்கள். ரூஸ்வெல்ட் அவென்யூவில் ஏழாம் ரயில் தலைக்கு மேலே ஓடும். வடக்கே லாகார்டியா விமானங்கள் தாழப் பறக்கும். வீட்டை எல்லோருக்கும் திறந்து காட்டும் ஞாயிறு மதிய ஓப்பன் ஹவுஸில் எதுவும் கேட்காது. செவ்வாய் காலை ஏழு மணிக்குப் போய் நில்லுங்கள்.

எது யாருக்கு

பச்சை அட்டை வந்து, பத்து வருடம் அசையப்போவதில்லை, கையில் ரொக்கம் இருக்கிறது என்றால் கோ-ஆப்தான். ஜாக்சன் ஹைட்ஸின் தோட்டம் சூழ்ந்த பழைய கட்டடங்கள், க்ளென் ஓக்ஸ் வில்லேஜ் மாதிரித் தாழ்ந்த வளாகங்கள் என்று இந்தக் காசுக்கு இத்தனை இடம் வேறெதிலும் கிடைக்காது. ஐந்து வருடத்துக்குள் ஊர் மாறலாம் என்றால் காண்டோ, அல்லது வாங்காமல் வாடகையிலேயே இருப்பது. மூன்று வருடத்தில் விற்றால் வாங்கிய செலவும் விற்ற செலவும் சேர்ந்து லாபத்தை விழுங்கிவிடும். பெற்றோரைத் தனித் தளத்தில் வைத்துக்கொள்ள வேண்டும், பிளம்பரைக் கூப்பிடுவதும் வாடகை வசூலிப்பதும் பாரமில்லை என்பவர்களுக்கு இரு குடும்ப வீடு. வேலையில் மூழ்கிக் கிடப்பவர்கள் அதைத் தொடவே வேண்டாம்.

எதை எடுத்தாலும் வரிசை ஒன்றுதான். வங்கி முன்அனுமதி, பிறகு ஆஃபர். ஆஃபரை ஏற்றுக்கொண்டேன் என்று விற்பவர் சொன்னாலும் கான்ட்ராக்டில் இருவரும் கையெழுத்திடும்வரை யாரையும் அது கட்டுப்படுத்தாது. நடுவில் அதிக விலை சொல்பவர் வந்தால் போய்விடும். அதனால் இன்ஸ்பெக்‌ஷனை அதே வாரத்தில் முடியுங்கள், வழக்கறிஞரை அதற்கு முன்பே பிடித்து வையுங்கள். விற்பவரின் புரோக்கர் சிபாரிசு செய்யும் வழக்கறிஞர் வேண்டாம். கையெழுத்தின்போது 10 சதவீதம் விற்பவரின் வழக்கறிஞர் வைத்திருக்கும் எஸ்க்ரோ கணக்குக்கு, அதாவது விற்பனை முடியும்வரை பணத்தைப் பிடித்துவைக்கும் கணக்குக்கு, போகும். கடன் கிடைக்காவிட்டால் அது திரும்பி வரும் என்ற விதியும், கோ-ஆப் என்றால் போர்டு மறுத்தாலும் திரும்பும் என்ற விதியும் எழுத்தில் இருக்க வேண்டும். க்ளோசிங் நாள் காலையில் கடைசியாக ஒருமுறை வீட்டைச் சுற்றிப் பார்க்க விடுவார்கள். எல்லாக் குழாயையும் ஒரே நேரத்தில் திறந்து, ஃப்ளஷ் இழுத்து, நான்கு பர்னரையும் பற்றவைத்து, கோடையானாலும் ஹீட்டிங்கை ஓட விட்டுப் பாருங்கள். ரேடியேட்டர் சூடேற இருபது நிமிடம் ஆகும். அதுவரை காத்திருங்கள், செக்கைக் கொடுத்த பிறகு கேட்க ஆளில்லை.